நாலு தெரு தள்ளித் தெரிந்த படம்

ஐந்து நிமிடம் ஓடிய பிறகும் டப்பா சூடாகவில்லை.

சூடாவதைத் தவிர அதற்கு வேறு வேலையே கிடையாது. பெயிண்ட் டப்பா அளவுக்கு ஒரு தகர டப்பா, உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் முங்கிக் கிடக்கும் ஒரு மின்தடை. வீட்டிலேயே டெலிவிஷன் டிரான்ஸ்மிட்டர் கட்டிப் பார்க்கிற ஆட்கள் இதை டம்மி லோடு என்பார்கள். புதிதாகக் கட்டிய செட்டை எடுத்த எடுப்பில் மாடி ஆன்டெனாவோடு இணைத்துவிடக் கூடாது. முதலில் கேபிளை இந்த டப்பாவில் மாட்டி ஓடவிட வேண்டும். செட்டிலிருந்து வருகிற சக்தி முழுவதையும் டப்பா விழுங்கிச் சூடாக்கிக்கொள்ளும். சொட்டு அலைகூட வெளியே போகாது. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஆன்டெனா.

மீட்டர் முள் இருபது வாட்டில் ஆடாமல் நின்றது. ஆம்பிளிஃபயரின் குட்டி மின்விசிறி கிர்ரென்று சுற்றி, புதிதாகப் பற்றவைத்த சால்டர் ஈயத்தின் வாசனையையும் பழைய தூசி கருகும் வாசனையையும் அறை முழுக்கப் பரப்பிக்கொண்டிருந்தது. இருபது வாட் போகிறது. போன இடத்தில் சூடு இல்லை. அவன் டப்பாவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். மேஜையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைவிட, ஜன்னல் கம்பியைவிட, அது குளிர்ந்திருந்தது. கையை எடுத்த பிறகும் விரல் நுனிகளில் அந்தச் சில்லிப்பு ஒட்டிக்கொண்டே வந்தது.

வேறொரு காலமாக இருந்தால் அவன் செட்டை அப்போதே பிரித்துப் போட்டிருப்பான். தொழில் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் இருந்தாலும் அன்று ராத்திரி தூக்கம் போய்விடும் ஆள். ஆனால் பதினான்கு மாதமாக எதுவுமே அவனுக்கு அப்படி உறைப்பதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி ஆகிப்போயிருந்தான். உள்ளே எல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கும், வலி மட்டும் வந்து சேராது.

கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். மனைவி மல்லாந்து படுத்திருந்தாள். காலையில் அவன் படுக்க வைத்த மாதிரியே, கைகள் போர்வைக்கு மேலே, முகம் கூரையைப் பார்த்து.

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று அவள் குரல் சொல்லித்தான் ஊரே பஸ் ஏறியது. பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை, ஒலிபெருக்கியில் அவள் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. மூளையில் ஒரு நரம்பு. அதற்குப் பிறகு வாய் இல்லை, கை இல்லை, கால் இல்லை. இமை மட்டும் மிஞ்சியது. ஒரு தடவை மூடித் திறந்தால் ஆமாம். இரண்டு தடவை என்றால் வேண்டாம். அந்த இமையை வைத்துத்தான் இந்த வீட்டில் குடித்தனம் நடந்தது.

மாடியில் இருந்த ரேடியோ மேஜையைப் படுக்கையறைக்கே இறக்கியதும் அவளுக்காகத்தான். விடுமுறை நாளில் செட்டைக் கட்டியபடியே அவளையும் பார்த்துக்கொள்ளலாம். இன்று முதல் சோதனை. "ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டான். ஒரு தடவை, பளிச்சென்று, இமைத்தாள். அவள் அக்கா ஏழு மணிக்கு வந்து பொறுப்பெடுத்துக்கொள்ளும்வரை ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர்களுடையது.

மேஜையில் கிடந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"லிஃப்டு! ஏ லிஃப்டு! படம் வந்துருச்சுப்பா!"

கண்ணாடிக்காரர். நாலு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், கடைக்கு மேலேயே வீடு. இவனுக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததே அவர்தான். இருவருக்குமாக இருந்த ஒரே ரிசீவரை அவரிடம்தான் கொடுத்து வைத்திருந்தான். இவன் அனுப்ப வேண்டியது, அவர் வாங்க வேண்டியது.

அவன் பொத்தானை அழுத்தினான். "எந்தப் படம்ணே?"

"எந்தப் படமா? நீ அனுப்புற படம்தான். வேற எவன் இந்த வேளையில சேனலைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கான்?"

"நான் இன்னும் ஆன்டெனாவே மாட்டலையே. டம்மி லோடுல ஓடிட்டிருக்கு."

"அப்ப எங்கயோ கசியுது."

"நாலு தெரு தள்ளியா? நடுவுல தியேட்டர் வேற நிக்குது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. கசிஞ்சு வந்தா புழுதி புழுதியாத்தான் வரும். இது கண்ணாடி மாதிரி நிக்குது. அஞ்சுக்கு நாலு மார்க்கு தாராளமா போடலாம். என் வீட்டுக்காரி பொண்ணைப் பார்க்கப் போயிருக்கா, மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் ரிமோட்டு என் கைக்கு வந்திருக்கு. வந்த நேரம் பாரு! சரி, நம்பரைக் கேளு."

இது அவர்கள் வட்டாரத்துப் பழக்கம். அனுப்புகிறவன் தன் முன்னால் இருக்கிற திரையை நம்பக் கூடாது. கேமராவிலிருந்து நேரே வருகிற படம் அது, அழகாகத்தான் இருக்கும். வெளியே என்ன போகிறது என்பது வாங்குகிறவனுக்குத்தான் தெரியும். அதனால் அனுப்புகிறவன் சிலேட்டில் ஒரு எண்ணை எழுதி, யாரிடமும் சொல்லாமல் கேமரா முன்னால் வைப்பான். எதிர்முனையில் இருப்பவன் எண்ணைச் சொல்லி, பிறகு படத்தில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அவன் சொன்னதுதான் தீர்ப்பு. எதிர்த்துப் பேசுகிற வழக்கமில்லை.

"சொல்லுங்கண்ணே."

"நாப்பத்தொண்ணு."

சிலேட்டைப் பார்த்தான். கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில், கேமராவைப் பார்த்துச் சாய்த்து வைத்திருந்தது. நாற்பத்தொன்று.

"சரிதான். அப்புறம்?"

"ஒரு நாற்காலி. இடது பக்கம் ஜன்னல், பச்சைத் திரை. பின்னால கட்டில்." கண்ணாடிக்காரர் குரல் சட்டென்று மலர்ந்தது. "அடப்பாவி! இதை ஏன்பா சொல்லல? தங்கச்சி எழுந்து உக்காந்துட்டாங்களா!"

அவன் கட்டிலைப் பார்த்தான். அவள் மல்லாந்து படுத்திருந்தாள். கைகள் போர்வைக்கு மேலே. மேஜைமேலிருந்த சின்னத் திரையைப் பார்த்தான். அதிலும் படுத்திருந்தாள்.

"எப்பலருந்துப்பா? நல்லா நிமிர்ந்து, காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்காங்களே. முகத்துல எவ்வளவு தெளிவு! எனக்குக் கண்ணே கலங்குதுப்பா."

இல்லை என்று சொல்ல வேண்டியதுதான். ஒரு வார்த்தை. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க அவனுக்கு வாய் வரவில்லை, அவர் சொல்வதை இன்னும் கொஞ்சம் கேட்கலாம் போலவும் இருந்தது.

"எங்கண்ணே பார்க்குறா?" என்று கேட்டான்.

"உன்னைத்தான். உன் முதுகையே பார்த்துட்டிருக்காங்க."

அவன் செட்டை அணைத்தான். விசிறி ஓய்ந்தது. அறையில் இவ்வளவு சத்தம் இருந்திருக்கிறது என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

கட்டிலருகே போய்க் குனிந்தான். "தண்ணி வேணுமா?"

அவள் கண்கள் கூரையிலிருந்து இறங்கி அவனிடம் வர நேரம் பிடித்தது. கீழ்த் தளத்தில் பொத்தானை அழுத்திவிட்டு, பன்னிரண்டாம் மாடியிலிருந்து லிஃப்ட் இறங்கி வரக் காத்திருப்பதுபோல அவன் காத்திருந்தான். வந்தது. இமை ஒரு தடவை மூடியது. திறக்க அதைவிட நேரமானது.

அரை டம்ளர் புகட்டினான். வாயோரம் வழிந்ததைத் துடைத்தான். அவள் கன்னம் குளிர்ந்திருந்தது. அதுவரை சுற்றிய மின்விசிறியின் காற்று என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு சிலேட்டை அழித்து அறுபத்தெட்டு என்று எழுதினான். ஏன் எழுதினான் என்று கேட்டிருந்தால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. ஒரு கோளாறு இருக்கிறது, கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். மெக்கானிக்கின் கை தானாக வேலைக்குப் போனது. ஆன்டெனாவிலிருந்து ஜன்னல் வழியாக இறங்கும் கேபிளைத் தேடினான். அது சுருண்டு தரையில் கிடந்தது, முனையில் பிளாஸ்டிக் மூடிகூட அப்படியே. செட்டின் கேபிள் டப்பாவில் இறுக்கமாக மாட்டியிருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

செட்டைப் போட்டான். முள் இருபதுக்கு ஏறியது.

"அறுபத்தெட்டு," என்றார் கண்ணாடிக்காரர், கேட்கும் முன்பே. "இப்ப இன்னும் நல்லாருக்குப்பா. தங்கச்சி எழுந்து நிக்கிறாங்க."

வெளியே காற்றே இல்லை. பச்சைத் திரை அசையவில்லை. நாலு மணி வெயில் அதன் வழியாகப் பாசி பிடித்த தண்ணீர் மாதிரி அறைக்குள் இறங்கி, மருந்துப் புட்டிகளிலும் கட்டிலின் இரும்புக் காலிலும் அவளுடைய அசையாத பாதங்களிலும் ஒரே மாதிரி படிந்து கிடந்தது. தெருவில் யாரோ ஒரு இரும்புக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் வரவில்லை.

"அண்ணே," என்றான். "அவ நிக்கல. படுத்துதான் இருக்கா."

"யாருகிட்ட விளையாடுறே? இருபத்தாறு வருஷமா ஊருக்கே பார்வை பார்த்து எழுதிக் கொடுக்கிறவன் நான். எனக்கே கண்ணு தெரியலைங்கிறியா?"

"நிஜமாத்தான்ணே."

"சரிப்பா, நீ அசத்தணும்னு பிளான் போட்டிருக்கே, நான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கோ. ஆனா படத்துல உள்ளதை நான் சொல்லித்தானே ஆகணும்? நடந்து வர்றாங்க. சிலேட்டைக் கையில எடுக்கிறாங்க. பார்த்துச் சிரிக்கிறாங்க. கையாலேயே அழிச்சுட்டாங்க."

அவன் சிலேட்டைப் பார்த்தான். நாற்காலியில் இருந்தது. அறுபத்தெட்டு, அவன் கையெழுத்தில், கொஞ்சம் சாய்வாக.

"இப்ப சிலேட்டுல என்ன இருக்குண்ணே?"

"ஒண்ணுமில்ல. வெறும் கறுப்பு."

எழுந்து கேமராவிடம் போனான். லென்ஸ் மூடியை எடுத்துத் திருகி மூடினான். மேஜைமேலிருந்த சின்னத் திரை இருண்டது.

"ஏன்பா மூடுனே?" என்றது வாக்கி டாக்கி. ஒரு மூச்சு இடைவெளி. "ஆங், பரவால்ல. தங்கச்சி எடுத்துட்டாங்க."

மூடி லென்ஸின் மேல் இருந்தது. அதன்மேல் அவன் விரல்கள் இருந்தன. சின்னத் திரை கறுப்பாகவே இருந்தது.

அடுத்துச் செய்ததை எந்த மெக்கானிக்கும் செய்ய மாட்டான். ஓடுகிற செட்டிலிருந்து கேபிளைத் திருகிக் கழற்றினான். போகிற சக்திக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் ஆம்பிளிஃபயர் இரண்டே நிமிடத்தில் புகைந்துவிடும். புகையட்டும் என்றுதான் கழற்றினான். முள் அசையவில்லை. இருபது. கையில் தொங்கிய கேபிளின் முனை பனிக்கட்டி மாதிரி இருந்தது, பிடித்திருந்த விரல்கள் தன்னுடையவைதானா என்று ஒரு நொடி சந்தேகமாக இருந்தது.

"படம் இருக்காண்ணே?"

"ஜம்முனு இருக்கு. என்னப்பா பண்ணுனே? முன்னைவிடப் பளிச்சுனு ஆயிருச்சு."

லென்ஸ் மூடியைத் திரும்பக் கழற்றிவிட்டுக் கட்டிலுக்கு வந்தான். மண்டியிட்டான்.

"நான் பேசுறது கேக்குதா?"

கண்கள் கூரையில் இருந்தன.

"தண்ணி வேணுமா? வலிக்குதா? நான் யாருன்னு தெரியுதா?"

ஒரு கேள்விக்கும் இமை வரவில்லை. மூச்சு வந்தது. மூக்கினடியில் விரல் வைத்துப் பார்த்தான், மெல்லிய, ஈரமான மூச்சு. கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினான். கரிய கண்மணியில் ஜன்னலின் சதுரம் தெரிந்தது. அவன் கை தெரியவில்லை.

பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக ஏதோ உறைத்தது. ரொம்பத் தூரத்தில். நாலு தெரு தள்ளி யாருக்கோ பயமாக இருப்பதுபோல.

புரிந்துவிட்டது. செட் ஓட ஓட அவள் அங்கே எழுகிறாள். எழ எழ இங்கே குறைகிறாள். அந்த இருபது வாட் எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியாது, எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. இமை ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதையும் இறைத்து அனுப்பிக்கொண்டிருந்தான்.

மேஜைக்குப் போய்ப் பவர் சுவிட்சில் விரலை வைத்தான். இன்னொரு கையில் வாக்கி டாக்கி.

"அண்ணே, நான் செட்டை அணைக்கப்போறேன்."

"ஐயோ, இரு இரு! தங்கச்சி வேண்டாங்கிறாங்க."

விரல் நின்றது.

"தலையை ஆட்டுறாங்கப்பா. கையைக் கையை ஆட்டி வேண்டாங்கிறாங்க. அழறாங்களா என்ன? ஏதோ சொல்றாங்க, சத்தம்தான் வரல. நீ இன்னும் ஒலி சேர்க்கலையே."

அவன் அங்கிருந்தபடியே கட்டிலைப் பார்த்துக் கேட்டான். குரல் அவனுக்கே கேட்காத அளவு சன்னமாக இருந்தது.

"அணைச்சிரட்டுமா?"

விசிறி கிர்ரென்றது. வெயில் திரையை விட்டு இறங்கிச் சுவருக்குப் போயிருந்தது. அவள் முகத்தில் எதுவும் இல்லை. பிறகு, அவன் பார்த்துக்கொண்டிருக்கையில், இமை இறங்கத் தொடங்கியது. கடையின் ஷட்டரை ஒரு கிழவர் ஒற்றை ஆளாக இழுப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக. மூடியது. நின்றது. மெதுவாக ஏறியது.

ஒரு தடவை.

அவன் காத்திருந்தான். இரண்டாவது வரவில்லை.

"கையெடுத்துக் கும்பிடுறாங்கப்பா," என்றார் கண்ணாடிக்காரர். "என்னப்பா சண்டை உங்களுக்குள்ள? மூணு மாசக் குழந்தை மாதிரி அழறாங்க. எதுவா இருந்தாலும் அணைக்காதே. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமா பொம்பளையை அழ வைக்காதே."

ஒரு இமை ஒன்று சொன்னது. ஒரு வாய் இன்னொன்று சொன்னது. இமை காய்ந்துபோய்த் தானாக மூடியிருக்கலாம். மருத்துவரும் அப்படி ஆகும் என்று சொல்லியிருந்தார். வாங்குகிற முனையில் இருப்பவர் பொய் சொல்ல மாட்டார். எண் இரண்டு தடவையும் சரியாக இருந்தது. இருபது வருடப் பழக்கம் ஒன்று அவன் உள்ளே உட்கார்ந்துகொண்டு, எதிர்முனை சொன்னதுதான் தீர்ப்பு என்றது. அங்கே அவள் அழுகிறாள். இங்கே பதினான்கு மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வந்ததில்லை.

அவன் சுவிட்சிலிருந்து விரலை எடுத்தான்.

"அணைக்கலைன்னு சொல்லுங்கண்ணே."

"நான் எப்படிப்பா சொல்றது? நீ பக்கத்துல இருக்கே, நீயே சொல்லு. ஆங், சிரிச்சுட்டாங்க! உன்னைக் கூப்பிடுறாங்க. வா, வான்னு கை காட்டுறாங்க. நாற்காலியைத் துடைச்சு வச்சுட்டாங்க. போய் உக்காருப்பா, கல்லு மாதிரி நிக்காதே."

போனான். சிலேட்டைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். நேரெதிரே கேமரா. அதன் சிவப்பு விளக்கு. அதற்குக் கீழே மேஜையில் சின்னத் திரை. அதில் கட்டில், கட்டிலில் அவள், பக்கத்தில் நாற்காலியில் அவன். தோளைக் குறுக்கிக்கொண்டு, ஏழு நாள் தாடியோடு. எப்போது இவ்வளவு கிழவனானோம் என்று நினைத்தான். மனைவியின் மணிக்கட்டை எடுத்து வலது கைக்குள் வைத்துக்கொண்டான். இடது கையில் வாக்கி டாக்கி.

"பிரமாதம்!" என்றார் கண்ணாடிக்காரர். "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு."

"என்ன பண்றோம்ணே?"

"பேசுறீங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு. கல்யாணம் ஆன புதுசுல இருந்த மாதிரி. நான் பார்க்கலாமா கூடாதான்னே தெரியல."

அவன் வாய் மூடியிருந்தது.

சில்லிப்பு விரல் நுனியிலிருந்து ஏறியது. முதலில் முழங்கை. ஊசி குத்துவதுபோல இல்லை, அதுகூட இல்லை. தண்ணீர் நிரம்புவது மாதிரி, இருந்த இடம் ஒவ்வொன்றாக இல்லாமல் போனது. தோள். கழுத்தின் வலப்பக்கம். எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தான். நினைப்பு கிளம்பியது, கால்வரை போகவில்லை. இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி எங்கோ தொங்கியது.

"எழுந்துட்டியா? எங்கப்பா கிளம்புறே?"

அவன் உட்கார்ந்திருந்தான்.

"அட, சட்டை மாத்துறே. தங்கச்சி தலை சீவுறாங்க. ஜோடியா வெளிய போறீங்களா? போங்க போங்க. எத்தனை நாளாச்சு!"

பொத்தானை அழுத்த வேண்டும். கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. அழுத்தினால் போதும். அண்ணே, செட்டை அணைக்கச் சொல்லுங்க, யாரையாவது அனுப்புங்க. ஆறு சொல். கட்டைவிரல் அங்கேயே இருந்தது.

"சிரிச்சுட்டே போறீங்க. கதவைத் திறக்கிறீங்க. செருப்பு மாட்டுறாங்க. லிஃப்டு, செட்டு ஓடுதுப்பா, அணைச்சுட்டுப் போ! ம்... போயாச்சு. காதுல வாங்குனாத்தானே."

இங்கே கதவு சாத்தியிருந்தது. அது திறந்த சத்தம் கேட்கவில்லை. வாசற்படியில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு ஜோடி. ஒன்று அவனுடைய கனத்த நடை. இன்னொன்று, பதினான்கு மாதமாக இந்த வீட்டில் கேட்காத, குதிகாலை லேசாக இழுத்துப் போடும் நடை. இறங்கின. தெருவுக்குப் போயின. தேய்ந்தன.

நாக்கு மரத்துவிட்டது.

கண்ணை மூட வேண்டும் போலிருந்தது. மூடவில்லை.

வெயில் சுவரிலிருந்தும் இறங்கிவிட்டது. மருந்துப் புட்டிகள் கறுத்தன. கட்டில் கால் கறுத்தது. விசிறி சுற்றியது. சிவப்பு விளக்கு எரிந்தது. பார்வையைத் திருப்ப முடியாததால் அவன் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது கேமராவிலிருந்து நேரே வருகிற படம். அதில் நாற்காலி இருந்தது. கட்டில் இருந்தது. போர்வை சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. தலையணை உப்பியிருந்தது.

நாற்காலி காலி.

கட்டில் காலி.

வாக்கி டாக்கி கரகரத்தது. கண்ணாடிக்காரர் தனக்குள் பேசிக்கொள்வது போலப் பேசினார். "அரை மணி நேரமா வெறும் ரூமு. விளக்குகூடப் போடாம... இருப்பா, வாசல்ல யாரோ." நாற்காலி நகரும் சத்தம். பொத்தானை விடாமலேயே நடந்தார் போல. தாழ்ப்பாள். கதவு.

"அட! நீங்களா! வாங்க வாங்க! இப்பத்தான் உங்களை நினைச்சேன். தங்கச்சி, வாம்மா, உள்ள வாம்மா!"

"சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்ணே," என்றது ஒரு ஆண் குரல். அவனுடைய குரல். சிரிப்பு கலந்து, தெம்பாக.

பிறகு அவள் பேசினாள்.

அதே குரல். ஊரையே பஸ் ஏற்றிய குரல், ஒரு பிசிறு இல்லாமல், ஒவ்வொரு எழுத்தும் துலக்கி வைத்த பாத்திரம் மாதிரி. பதினான்கு மாதமாக ராத்திரியும் பகலும் அவன் வேண்டிக் கிடந்த குரல்.

"நல்லா இருக்கீங்களாண்ணா?"

"எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன். உன் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாச்சு! உக்காருங்க. ஆமா, வீட்டுல யாரு இருக்கா? செட்டு பாட்டுக்கு ஓடிட்டிருக்கே."

"வீட்டுல யாருமில்லைண்ணா," என்றாள் அவள். "பூட்டிட்டுத்தான் வந்தோம்."

"அப்ப எதுக்குக் காலி ரூமைக் காட்டிட்டிருக்கணும்? இரு, அணைச்சுர்றேன்."

டக்கென்று ஒரு சத்தம். வாக்கி டாக்கி அடங்கியது.

இருட்டில் சின்னத் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. சுருக்கமில்லாத போர்வை, யாரும் உட்காராத நாற்காலி. அவன் உள்ளங்கைக்குள் ஒரு மணிக்கட்டு இருந்தது, சில்லென்று, மெல்லத் துடித்துக்கொண்டு. அது அவளுடையதா தன்னுடையதா என்று பார்க்கத் திரையில் கை எதுவும் இல்லை.